தம்பிக்காரன்

2012 ஆகஸ்டில் அண்ணன் சென்னைக்கு வந்து என் அறையில் இரண்டு ராத்திரி தங்கினான். அவன் வேலை பார்க்கும் சிவகாசி பிரஸ்ஸுக்கு ஒரு பெரிய காலண்டர் ஆர்டர் வருவதாக இருந்தது. அதைப் பேசி முடிக்க முதலாளி அவனை அனுப்பியிருந்தார். துரைப்பாக்கத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வீடு அது. கட்டில் கிடையாது. பாயை விரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான். மௌனத்தைச் சமாளிக்க லேப்டாப்பைத் திறந்தேன். அறைத்தோழனின் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அனிமேயை அப்போது இரண்டாவது சுற்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கார்ட்டூனா?" என்றான். "அப்படித்தான்ணே" என்றேன். ஆங்கில சப்டைட்டிலை உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டே நாலு எபிசோட் பார்த்தான். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தக் கவசத்துக்குள்ள ஒடம்பு இல்லைல்ல? அப்ப அவன் தூங்க மாட்டானா?"

"மாட்டான்."

"ராத்திரி என்ன செய்வான்?"

"சும்மா உக்காந்திருப்பான். மத்தவங்க எந்திரிக்கற வரைக்கும்."

அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு, "தம்பிக்காரன்தான் பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

*

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். முடிவைத் தொடாமல் இந்தக் கதையைப் பேச எனக்குத் தெரியவில்லை.

ஹிரோமு அரகாவா எழுதி வரைந்த மங்கா இது. 2001இலிருந்து 2010 வரை மாதத் தொடராக வந்து, 27 தொகுதிகளில் முடிந்தது. அரகாவா ஹொக்காய்டோவில் பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். எதுவும் சும்மா கிடைக்காது என்ற எண்ணம் அவருக்கு அந்த மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்திருக்கலாம். 2003இல் ஒரு தடவையும் 2009இல் ஒரு தடவையும் அனிமே ஆக்கினார்கள். முதலாவது பாதியில் வேறு பாதையில் போய்விடும். நான் பேசுவது மங்காவையும், அதை ஒட்டி எடுத்த 64 எபிசோட் இரண்டாவது வடிவத்தையும் பற்றி.

எட்வர்ட், அல்ஃபோன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். அப்பா எங்கேயோ போய்விட்டார். அம்மா நோயில் செத்துப்போகிறாள். அப்பா உயிரோடு இருப்பதால் கணக்குப்படி அநாதைகள் இல்லை. ஆனால் வீட்டில் ஒருத்தரும் இல்லை. அவர்கள் உலகத்தில் ரசவாதம் ஒரு விஞ்ஞானம். நம்மூர் சித்தர்கள் செம்பைப் பொன்னாக்கிய கதை மாதிரி இல்லை. கறாரான சட்டதிட்டம் உண்டு. முதல் சட்டம், ஒன்றைப் பெற வேண்டுமென்றால் அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்க வேண்டும். செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்குத் தடை. எட்வர்டுக்கு அப்போது 11 வயது, தம்பிக்கு 10. இரண்டும் அபாரமான மூளைகள். அம்மாவைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வளர்ந்த ஓர் ஆளுக்குத் தேவையான சரக்குப் பட்டியலை எட்வர்ட் கடகடவென்று ஒப்பிப்பான்: தண்ணீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு ஒன்றரைக் கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம். அப்படியே இரும்பு 5 கிராம் வரைக்கும் போகும். ஒரு பையன் தன் கைக்காசிலேயே சந்தையில் வாங்கிவிடலாம், மனுஷன் அவ்வளவு மலிவு என்பான்.

அது விபரீதமாக முடிகிறது. எட்வர்டின் இடது கால் போகிறது. தம்பியின் முழு உடம்பும் போய்விடுகிறது. ரத்தம் கொட்டக் கொட்ட அந்தப் பதினோரு வயதுப் பையன் தன் வலது கையைக் கொடுத்து, தம்பியின் உயிரை மட்டும் மீட்டு, மூலையில் நின்ற இரும்புக் கவசத்தில் ஒட்டவைக்கிறான். பேரம் பேசக்கூட அவன் நிற்பதில்லை. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், தம்பியைக் கொடு என்கிறான். அதன் பிறகு மூன்று வருடம் ஆகும் என்று சொன்ன செயற்கைக் கை கால் பயிற்சியை ஒரே வருடத்தில் முடித்து, 12 வயதில் ராணுவத்தின் ரசவாதியாகிறான். தம்பிக்கு உடம்பை மீட்டுக் கொடுக்கத்தான் இத்தனையும்.

இந்தக் கதையின் ரசிகர்கள் எல்லோரும் அண்ணன் கையைக் கொடுக்கும் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு அது கதையின் ஆரம்பம், அவ்வளவுதான்.

*

எங்கள் வீட்டுப் பட்டியலும் ஒன்று உண்டு. அண்ணன் எழுதியது. ரூல்டு நோட்டில், பிரஸ்ஸில் வெட்டிப் போட்ட மிச்சத் தாளை அட்டை போட்டு, "தம்பி படிப்பு" என்று தலைப்பு. கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு 32,500. ஹாஸ்டல் மெஸ் மாசம் 1,400. பேருந்து 62. டிராஃப்டர் 350. லேப் கோட் 180. கடைசிப் பக்கத்தில் வரவு: சம்பளம், ஓவர்டைம், சித்தப்பா கைமாத்து, அம்மாவின் தோடு. ஓவர்டைம் என்ற சொல் எல்லா மாதத்திலும் இருக்கும்.

அம்மா 1999இல் இறந்தாள். 2001 டிசம்பரில் அப்பா பைபாஸ் ரோட்டில் போனார். அப்போது அண்ணன் பிளஸ் டூ. எனக்கு வயசு 13, தங்கச்சிக்கு 9. அப்பத்தா கூட இருந்தாள், ஆனால் அவளுக்கே யாராவது சோறு போட வேண்டிய வயது. காரியம் முடிந்த பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து, யார் பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வது என்று பேசினார்கள். என்னைச் சாத்தூருக்கும் தங்கச்சியைக் கோவில்பட்டிக்கும் என்று முடிவானது. அண்ணன் காபி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டே, "யாரும் எங்கயும் போகல" என்று சொன்னான். குரலை உயர்த்தவில்லை. டம்ளர்களைக் கழுவப் போய்விட்டான்.

'வானத்தைப்போல' வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தம்பிகளுக்காகவே வாழும் அண்ணன் விஜயகாந்த் தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஆள். தெருவில் அண்ணனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். அண்ணன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். அந்தப் படத்தை டிவியில் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டும். பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு, ஊரில் நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள், அதைச் சொல்லவில்லை. பிரஸ்ஸில் அவன் சேர்ந்தபோது கட்டிங் மிஷினுக்குத் தாள் எடுத்துக் கொடுக்கும் வேலை. புத்தகம் அச்சடிக்கும்போது பெரிய தாளின் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8 என்று 16 பக்கங்களை அடுக்குவார்கள். மடித்து வெட்டினால் அவை வரிசையாக வர வேண்டும். எந்தப் பக்கம் எங்கே, எது தலைகீழ் என்பதற்கு அங்கிருந்த பெரியவர் ஒரு பழைய டம்மியை மடித்து மடித்துப் பார்ப்பார். அண்ணன் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தான். ஜோடியாக வரும் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும் என்பதைக் கண்டுபிடித்தான். 1க்குப் பக்கத்தில் 16, 2க்குப் பக்கத்தில் 15. பிறகு 32 பக்கத்துக்கு, குறுக்கு மடிப்புக்கு, முதுகில் தைப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் மனசிலேயே கணக்குப் போட ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் பெரியவர் டம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கும் ஒரு ஆர்டரைப் பார்த்ததும் எத்தனை ரீம், எத்தனை தாள் வேஸ்ட் போகும் என்று பேனா எடுக்காமல் சொல்வான். கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்தபோது எனக்கு அடிக்கடி அவன் ஞாபகம்தான் வரும். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் அங்கே பசை வாடையில் நிற்கிறான் என்று.

அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்பதற்கு வீட்டில் ஒரு பதில் இருந்தது. "என்ட்ரன்ஸ்ல போச்சு" என்பது அது. அப்போது இன்ஜினியரிங் சேர நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ மார்க் நன்றாக இருந்தும் என்ட்ரன்ஸில் சொதப்பிவிட்டதாகச் சொன்னான். அப்பா செத்த வருஷம், பையன் எப்படிப் படிப்பான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. நானும் ஒத்துக்கொண்டேன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை. அவனுக்குக் கிடைக்காததை எனக்குக் கொடுக்கிறான் என்றால் அது ஒரு மாதிரி. கிடைத்ததைப் போட்டுவிட்டு எனக்குக் கொடுக்கிறான் என்றால் அது வேறு மாதிரி.

*

எட்வர்டிடம் ஒரு வெள்ளிக் கைக்கடிகாரம் இருக்கும். கைக்கடிகாரம் என்றால் மணிக்கட்டில் கட்டுவது இல்லை, சங்கிலி போட்டுச் சட்டைப்பையில் வைப்பது. ராணுவ ரசவாதி என்பதற்கான அடையாளம் அது. அதன் மூடியை யாரும் திறக்க முடியாதபடி ரசவாதத்தால் ஒட்டிவைத்திருப்பான். சிறுவயதுத் தோழி வின்ரி ஒருநாள் நெம்பித் திறந்துவிடுவாள். உள்ளே, மறக்காதே என்ற சொல்லும் ஒரு தேதியும் கீறியிருக்கும். 1911 அக்டோபர் 3. திரும்பி வர ஓர் இடம் இருக்கக் கூடாது என்று சொந்த வீட்டைக் கொளுத்திவிட்டுக் கிளம்பிய நாள்.

வாய் ஓயாமல் பேசுகிறவன் எட்வர்ட். குள்ளம் என்று யாராவது சொன்னால் தெருவே அதிரும்படி கத்துவான். அவ்வளவு சத்தத்துக்கு அடியில் ஒரு மூடி ஒட்டியே இருக்கும். அண்ணன் கத்த மாட்டான், ஆனால் ஒட்டிய மூடி அவனிடமும் இருந்தது.

2019இல் அப்பத்தா இறந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்தோம். அப்பாவின் டிரங்குப் பெட்டியை நான் ஒழித்தேன். அடியில் அண்ணனின் பிளஸ் டூ லாகரிதம் புத்தகம். அதை அவன் ஏன் வைத்திருக்கிறான் என்று புரட்டினேன். நடுவில் நாலாக மடித்த ஒரு கடிதம். சென்னையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு வரச்சொல்லும் அழைப்பு. 2002 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை நேரம். கட் ஆஃப் 300க்கு 289. என்ட்ரன்ஸ் போகவில்லை. எதுவும் போகவில்லை.

2006இல் என் கட் ஆஃப் 251.

அண்ணன் அப்போது கொல்லையில் பழைய இரும்புச் சாமானை எடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் சத்தம் எனக்குக் கேட்டது. கடிதத்தை மடித்து என் லேப்டாப் பையில் வைத்துக்கொண்டேன். தங்கச்சி வந்து "என்னண்ணே?" என்றாள். "ஒன்னுமில்ல, பழைய பில்லு" என்றேன். ஒட்டிய மூடி எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

*

கவசத்துக்குள் இருக்கிறவனைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

அல்ஃபோன்ஸுக்குப் பசிக்காது. வலிக்காது. தொட்டால் தெரியாது. ஏழடிக் கவசத்துக்குள் இருந்து ஒரு சின்னப் பையனின் குரல் வரும். அவன் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான். உடம்பு திரும்பக் கிடைத்ததும் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று அதில் பட்டியல் எழுதிக்கொண்டே வருவான். வின்ரி செய்யக் கற்றுக்கொண்ட ஆப்பிள் பையும் அதில் உண்டு. அண்ணனின் சரக்குப் பட்டியலுக்குத் தம்பியின் பதில் இந்தப் பட்டியல் என்று எனக்குத் தோன்றும். முதலாவது ஒரு மனுஷனைச் செய்ய என்ன வேண்டும் என்பது. இரண்டாவது அந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்பது.

அந்தப் பையனுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும். இன்னொரு கவச ஆசாமி அவன் காதில் விஷத்தை ஊற்றுவான். உனக்கு உடம்பு இருந்ததற்கு என்ன சாட்சி, உன் ஞாபகங்களை அந்த அண்ணன்காரனே செய்து உள்ளே வைத்திருக்கலாமே என்று. அண்ணன் முன்பு ஒருநாள் ஏதோ சொல்ல வந்து, பயமாக இருக்கிறது என்று நிறுத்தியிருப்பான். அல்ஃபோன்ஸ் அதையும் இதையும் முடிச்சுப் போடுவான். ஆஸ்பத்திரியில் வெடிப்பான். எட்வர்ட் பதில் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். வின்ரிதான் அழுதுகொண்டே ஸ்பானரால் கவசத்தை அடித்து விஷயத்தைச் சொல்வாள். அவன் கேட்கப் பயந்த கேள்வி, என்னை வெறுக்கிறாயா என்பதுதான். கை கால் பொருத்திய காலத்தில், காய்ச்சலில், ராத்திரி ராத்திரியாக அழுததெல்லாம் அதற்காகத்தான்.

கையைக் கொடுத்தவன் வெறுக்கிறாயா என்று கேட்கப் பயப்படுகிறான். முதல் தடவை பார்த்தபோது இது எனக்குப் புரியவே இல்லை. கொடுத்தவனுக்கு என்ன பயம்? வாங்கியவன் அல்லவா பயப்பட வேண்டும்?

என் பயம் எனக்குத் தெரியும். மூன்றாவது செமஸ்டரில் எம்3 போனது. ஃபோரியர் சீரீஸ், பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் என்று ஒரு பேப்பர், இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அதன் வாடை தெரியும். ரிசல்ட்டைக் கல்லூரிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, "ஆல் கிளியர்" என்றேன். அரியர் என்ற சொல்லை என் வாயால் அவனிடம் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல முடியவில்லை. தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்திருப்பேன். ஆனால் யாருடைய ஓவர்டைமில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது? மற்ற பையன்களுக்குத் தோற்பதற்கு உரிமை இருந்தது. ராகிங்குக்குப் பயந்து ஓடிப்போனவன், காதலில் விழுந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவன் எல்லாம் இருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு உடம்பே இல்லை. உள்ளே ஒருத்தரும் இல்லாத கவசம் ஒன்று காலையில் எழுந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாஸ்டல் மாடியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

அந்த விடுமுறையில் வீரராஜன் கணக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன், தொடவில்லை. திரும்பி வந்து பிரித்தால், ஃபோரியர் சீரீஸ் அத்தியாயம் முழுக்க ஓரங்களில் பென்சில். ஒவ்வொரு கணக்கும் படிப்படியாக, எந்த இடத்தில் சறுக்கும் என்று சின்ன அம்புக்குறியோடு. அண்ணன் கையெழுத்து. ஆர்த்தோகனல் என்றெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, நான் தூங்கும்போது, தனக்குக் கிடைக்காத புத்தகத்தை ஆசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பென்சிலைப் பார்த்துப் படித்துத்தான் அரியரை எடுத்தேன். அதைப் பற்றியும் அவனிடம் பேசியதில்லை.

*

வேலை கிடைத்த பிறகு திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ரொம்ப அப்பாவி.

அண்ணன் எதையும் வாங்க மாட்டான். சட்டை எடுத்துக் கொடுத்தால் சித்தப்பா பையனுக்குப் போய்விடும். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போட்ட பணத்தில் பாதியை, "இது என் பங்கு" என்று திருப்பினான். தங்கச்சிக்கு முடித்துவிட்டுத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டான், 31 வயதில். வீட்டுக்கடன் வாங்கியபோது, 2021இல் எனக்கு போனஸ் வந்ததும், அவனுக்குத் தெரியாமல் ஒரு பெரிய தொகையை அவன் லோன் கணக்கில் கட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து ஜிபேயில் 5,000 ரூபாய் வந்தது. குறிப்பில் "1" என்று போட்டிருந்தான். அடுத்த மாதம் 5,000, "2". நான் திருப்பி அனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பினான். என் பிழைப்பில் இதற்குப் பெயர் இன்ஃபினிட் லூப், நிறுத்தும் கண்டிஷன் எழுத மறந்த புரோகிராம். இன்றுவரை அந்த ஐயாயிரம் சிவகாசிக்கும் சென்னைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது.

எட்வர்டும் இப்படித்தான். கடைசியில், தம்பி திரும்பாத நிலையில், இத்தனை வருஷம் தள்ளியே இருந்த அப்பா வந்து, மிச்சமிருக்கும் என் உயிரை எடுத்துக்கொண்டு தம்பியை மீட்டுக்கொள் என்பார். எட்வர்ட் கோபத்தில் அவரைத் திட்டித் தீர்ப்பான். தான் கொடுக்கலாம், மற்றவர்கள் கொடுக்கக் கூடாது. அந்தப் பிடிவாதத்தில் நேர்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் வீட்டு வாசலில் டம்ளர் சேகரித்தவனிடமும் அது இருந்தது. யாரிடமும் எதையும் வாங்காதவனைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் கடன்காரர்களாகவே இருக்க வேண்டியதுதான்.

அரகாவாவை நான் விரும்புவதற்குக் காரணம், அவர் இதை இத்தோடு விடவில்லை. அதற்குச் சற்று முன்னால், இறுதிச் சண்டையில், எட்வர்டின் இரும்புக் கை உடைந்து, இடது கையும் மாட்டிக்கொண்டு, சாகும் தருவாயில் இருப்பான். சிதறிக் கிடக்கும் கவசத்துக்குள்ளிருந்து அல்ஃபோன்ஸ் அதைப் பார்ப்பான். ஒரு சீனத்து மாதிரிச் சிறுமியின் உதவியோடு, தன் உயிரை விலையாகக் கொடுத்து, அண்ணனுக்கு அந்த வலது கையைத் திருப்பி அனுப்பிவிடுவான். அண்ணன் கத்துவான், வேண்டாம் என்று கெஞ்சுவான். அல்ஃபோன்ஸ் கேட்க மாட்டான். அவனிடம் மட்டும் அன்றைக்கு யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகுதான் எட்வர்டின் கடைசி முடிவு வருகிறது. தம்பியை மீட்க இந்தத் தடவை அவன் கொடுப்பது கையோ காலோ இல்லை. தன் ரசவாதத்தையே கொடுத்துவிடுகிறான். மேதை என்று அவனை எல்லோரும் சொல்லக் காரணமாக இருந்த அந்த ஒன்றை. இனி அவன் சாதாரணன். வருத்தமே இல்லாமல் கொடுப்பான், சிரித்துக்கொண்டே. அங்கே எனக்கு எப்போதும் 289 என்ற எண் ஞாபகம் வந்து தொலைக்கும். அண்ணன் சிரித்துக்கொண்டா கொடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கதையில் எட்வர்ட் அதைக் கொடுக்கும்போது உலகத்தையே பார்த்து முடித்தவன். அண்ணனுக்கு 17 வயது.

உடம்பு கிடைத்த பிறகு அல்ஃபோன்ஸ் கண்டுபிடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து வாங்கினால் பத்தையே திருப்பித் தந்தால் அது சமமான பரிமாற்றம். ஆனால் பத்து வாங்கி, அதோடு தன் பங்காக ஒன்றைச் சேர்த்து, பதினொன்றாக அடுத்த ஆளிடம் கொடுக்கலாமே என்பான். இதை ஏன் தம்பியின் வாயில் வைத்தார் என்று யோசித்திருக்கிறேன். எட்வர்டால் இதைச் சொல்ல முடியாது, அவனுக்கு வாங்கிப் பழக்கமில்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. அடுத்த ஆளுக்குக் கொடுப்பது சுலபம். நானும் கொடுக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம். கொடுக்க வேண்டிய ஆள் முன்னால் உட்கார்ந்து தாளை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது?

*

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலண்டர் சீசன், அண்ணன் பண்டிகைக்கு முந்தின ராத்திரியும் பிரஸ்ஸில்தான் இருந்தான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முருகன் படம் ஒன்றின் மீது கலர்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று குனிந்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெரியாததாலோ, மிஷின் சத்தத்தாலோ, எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணே, அப்பா பெட்டியில ஒரு லெட்டர் பாத்தேன். கவுன்சிலிங் லெட்டர்."

நிமிரவில்லை. லென்ஸை அடுத்த மூலைக்கு நகர்த்தினான். "தேதி என்ன போட்டிருந்துச்சு?"

"ஜூலை ஒம்பது."

"செவ்வாக்கெழம" என்றான். "வேலைக்குச் சேந்து அஞ்சாவது நாளு. டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டு வச்சிருந்தேன். நூத்தி எழுவத்தஞ்சு."

அவ்வளவுதான் சொன்னான். மிஷின்காரப் பையனைக் கூப்பிட்டு மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னான். புதுத் தாள் வந்தது, பார்த்தான், தலையாட்டினான். டிபன் பாக்ஸைத் திறந்து, கை கழுவாமல் ஒரு வாய் தின்றான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"ஏன்டா, நீ பிடிச்சுத்தான படிச்ச?"

இருபது வருஷமாக அவனிடம் இருந்த கேள்வி அது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

"இல்லண்ணே" என்றேன். "எம்3ல அரியர் வேற வச்சேன். உன்கிட்ட ஆல் கிளியர்னு பொய் சொன்னேன்."

அண்ணன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

"தெரியும். உன் ரிஜிஸ்டர் நம்பர் எனக்கு மனப்பாடம். நீ போன் போடறதுக்கு முன்னாலயே இங்க பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டேன்."

"ஏன்ணே கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது. புக்க வீட்ல விட்டுட்டுச் சும்மா சுத்திக்கிட்டு இருந்த. நாலு நாள் லீவு போட்டு உக்காந்து அத்தனையும் போட்டு வச்சேன்." பாக்ஸை என் பக்கம் நகர்த்தினான். "நீ சாப்டியா?"

"இல்ல."

"அப்ப இதுல சாப்பிடு. உங்க அண்ணி ரெண்டு பேருக்குத்தான் வச்சிருக்கா."